எழுதாத ஏட்டில் எங்கள் பிள்ளைகள்

"கிரகணத்தன்று வெளியே போனாயா? சொந்தத்தில் கட்டிக்கொண்டாயா? போன பிறவியில் என்ன பாவம் செய்தாயோ?"

முதுகுத்தண்டு மூடாமல் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், மலேசியாவின் கலும்பாங் வட்டாரத் தோட்டங்களில் தாயை இப்படித்தான் கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள். மாமியார் கேட்டார், பக்கத்து வீட்டார் கேட்டார்கள், கோயிலுக்குப் போனால் அங்கேயும் கேட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு என்ன மருந்து அடித்தாய் என்று மட்டும் ஒருவர்கூடக் கேட்கவில்லையே!

செம்பனைக் காட்டில் களைக்கொல்லி அடித்த பெண்கள் நாங்கள். முதுகில் பம்பு, மூக்கில் பழைய துணி. காற்று திரும்பினால் சாரல் முகத்தில்தான் விழும். கண் எரியும், மூக்கில் ரத்தம் வரும், நகம் கறுத்துக் கழன்று விழும். அது பாராகுவாட் என்று எங்களுக்குச் சொன்னது யார்? டின்னில் எழுதியிருந்ததைத் தமிழில் படித்துக் காட்டியது யார்? மாசமாக இருக்கிறேன் என்று, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் சொன்னால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. வாயை மூடிக்கொண்டு பம்பைத் தூக்கினோம்.

என் பிள்ளையின் குறைக்கு அந்த மருந்துதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஃபோலிக் அமிலக் குறைவு, நீரிழிவு, சில மாத்திரைகள், பரம்பரை என்று மருத்துவர்கள் பல காரணம் சொல்கிறார்கள். கரு உண்டாகி 28 நாளுக்குள் பிள்ளையின் முதுகுத்தண்டு மூடிவிட வேண்டுமாம். பல பெண்களுக்கு அதற்குள் கரு தங்கியதே தெரியாது. அப்படியென்றால் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் விழுங்க வேண்டிய 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் ஏன் எங்கள் கைக்கு வரவில்லை? மருந்தடித்த பெண்களுக்கு என்ன குழந்தை பிறந்தது, எத்தனை கரு கலைந்தது என்று எங்கள் தோட்டத்தில் யார் எழுதி வைத்தார்கள்? எழுதாமலே இருந்துவிட்டு, 'ஆதாரம் இல்லை' என்று கைவிரிப்பது எந்த ஊர் நியாயம்?

மருந்தடிக்கும் பெண்களின் உடல் படும் பாட்டை, பெண் தொழிலாளர் உரிமைக்காகப் போராடும் தெனாகனித்தா அமைப்பு ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை என்றது. 2006-இல் தோட்ட முதலாளிகள் கேட்டார்கள் என்று தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்தான். சுவீடன் 1983-லேயே விரட்டிய நஞ்சு அது! இடையில் போன ஆண்டுகளுக்கு யார் பதில் சொல்வது?

எங்களைப் போலவே நஞ்சுக்கு ஆளானவர்கள் இந்தியாவிலும் உண்டு. கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மீது எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லியைத் தூவினார்கள். குறையோடு பிறந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் தெருவுக்கு வந்தார்கள். 2017-இல் பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது இந்திய உச்ச நீதிமன்றம். அவர்களுக்காவது கணக்கெடுப்பு நடந்தது. எங்களை யார் எண்ணினார்கள்?

இன்று அந்தப் பம்பைச் சுமப்பவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பாராகுவாட் போனாலும், இனப்பெருக்கத்துக்குக் கேடு என்று ஐரோப்பா வகைப்படுத்தி விலக்கிய குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லி இங்கே இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஆகவே கேட்கிறேன்: பிள்ளை பெறும் வயதில் இருக்கும் எந்தப் பெண்ணிடமும் பம்பைக் கொடுக்காதீர்கள். வேறு வேலை கொடுங்கள், சம்பளத்தில் கை வைக்காதீர்கள். தோட்டத்தில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையையும், தாய் என்ன வேலை செய்தாள் என்பதோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவு இல்லாதவரை எந்தத் தாயையும் குற்றவாளி ஆக்க எவருக்கும் உரிமை இல்லை.