இறுக்குமுன் உற்று நோக்குவீர்!

இல்லமும் கைவேலையும்



பள்ளிகள் திறக்கும் காலம் வந்தால் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கக் கொடுக்கிறோம். புத்தகங்களுக்கு அட்டை போடுகிறோம். செருப்பு காலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். அவர்களை நாள்தோறும் பள்ளிக்குச் சுமந்து செல்லும் மிதிவண்டியை மட்டும், காற்று இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். ஆகவே இம்மாதம் மிதிவண்டியின் பிரேக் ஒயரைப் பற்றியும், அதனை வீட்டிலேயே பாதுகாப்பாக மாற்றும் முறையைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

இதனை எழுதத் தூண்டியது என் சொந்தத் தவறுதான். ஒரு சனிக்கிழமை மாலை என் மகன், "அப்பா, பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை" என்றான். நான் ஏதோ வேலையாக இருந்தேன். பிடியின் அருகிலுள்ள அட்ஜஸ்டரை இரண்டு சுற்றுத் திருகினேன். பிரேக் கெட்டியாகப் பிடித்தது. "சரியாகிவிட்டது, போ" என்றேன். மறுநாள் பூசைக்குப் புறப்படுமுன் வண்டியைத் துடைத்தபோது, பிரேக் பிடியினுள் ஒயர் வளையும் இடத்தில் துணி சிக்கியது. குனிந்து பார்த்தேன். ஐந்தாறு இழைகள் அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தன. மீதி இழைகளே பிரேக்கைத் தாங்கிக்கொண்டிருந்தன. அன்று பிற்பகல் அவன் தன் தோழர்களோடு பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு மலைப்பாதையில் இறங்குவதாக இருந்தான்!

நான் செய்த பிழை யாது? தளர்வின் காரணத்தைத் தேடாமல், தளர்வை மட்டும் போக்கினேன். இழைகள் அறுந்ததால் ஒயர் நீண்டது. நீண்டதை இறுக்கியதால் அறுந்தது மறைந்தது. கெட்டுப்போன பிரேக்கை விட, கெட்டது மறைக்கப்பட்ட பிரேக் கொடியது. முன்னதை ஓட்டுபவன் நம்பமாட்டான். பின்னதை முழுமனத்தோடு நம்பி இறக்கத்தில் இறங்குவான்.

நம் தருமபுரி மாவட்டம் மேடும் பள்ளமும் நிறைந்த மண். சேலம் நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் லாரிகளால் நேர்ந்த கோர விபத்துகளை நாம் மறக்கவில்லை. லாரியின் இயந்திரம் வேறு, மிதிவண்டியின் அமைப்பு வேறு. ஆயினும் இறக்கம் எல்லா வண்டிகளுக்கும் இறக்கமே. சமவெளியில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி தானே வேகம் குறையும். இறக்கத்திலோ, பிரேக் ஒன்றே துணை.

மேலும், நம் வீடுகளில் மிதிவண்டிகள் பெருகியுள்ளன. தமிழக அரசு 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் 2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்பு பயிலும் மாணவ மாணவியர்க்கு அது விரிவாக்கப்பட்டது. அவ்வாறு வந்த வண்டி அக்காளிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து பால் சங்கத்துக்குச் செல்லும் தந்தைக்கும் கைமாறுகிறது. உரிமை எல்லாருக்கும் உண்டு. கவனிக்கும் பொறுப்பு மட்டும் யாருக்கும் இல்லாமற் போகிறது.

முதலில் உங்கள் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். பழைய கறுப்பு வண்டிகள் பலவற்றில் ஒயர் இராது. கனத்த இரும்புக் கம்பிகளே பிரேக்கை இழுக்கும். அவற்றில் இணைப்பு நட்டுகள் தளர்ந்துள்ளனவா, பிரேக் கட்டை தேய்ந்துள்ளதா என்று பார்த்தால் போதும். ஒயர் உள்ள வண்டிகளுக்கே பின்வரும் முறை பொருந்தும்.

ஒயர் என்பது இரண்டு பாகங்களைக் கொண்டது. பல இழைகளை முறுக்கிச் செய்த உள் ஒயர் ஒன்று. அதனைச் சுற்றியுள்ள அவுட்டர் எனும் உறை மற்றொன்று. உறை ஒயரைத் தாங்குவதால், வளைந்த பாதையிலும் கையின் இழுவிசை பிரேக்கைச் சென்று சேர்கிறது. ஏர்னஸ்ட் மோனிங்டன் பவுடன் என்பவர் 1896இல் இதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். உறை நசுங்கினாலும் துருப்பிடித்தாலும், ஒயர் புதிதாக இருந்து பயனில்லை.

மாற்ற வேண்டிய அறிகுறிகள் இவை: ஓர் இழையேனும் அறுந்திருத்தல், உறையின் வாயில் பழுப்பு நிறத் துரு, பிடியை விட்டபின் அது மெதுவாகத் திரும்புதல், உறையில் மடிப்பு அல்லது வெடிப்பு. இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அட்ஜஸ்டரைத் தொடாதீர்கள், ஒயரை மாற்றுங்கள்.

கடைக்குச் செல்லும்போது பழைய ஒயரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒயரின் முனையிலுள்ள உலோகத் தலை வண்டிக்கு வண்டி வேறுபடும். பொருந்தாத தலை பிடியிலிருந்து நழுவிவிடும். இன்னொன்றும் மிக முக்கியம். கியர் வண்டிகளுக்கான கியர் ஒயரையும் அதன் உறையையும் பிரேக்குக்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது. கியர் ஒயர் மெல்லியது. அதன் உறை பிரேக்கின் அழுத்தத்தில் வெடித்துவிடும். உறையும் பழையதாயின் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

வேண்டிய கருவிகள் சிலவே: நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் (பெரும்பாலும் 10 மில்லிமீட்டர், சில வண்டிகளில் ஆலன் சாவி), கூர்மையான கட்டிங் பிளேயர், சிறிய அரம், சிறிதளவு கிரீஸ், பழந்துணி. வெட்டும்போது இழைத்துண்டு கண்ணில் தெறிக்கக்கூடும். ஆகவே கண்ணாடி அணிந்து, வெட்டும் முனையைத் தரையை நோக்கிப் பிடியுங்கள். குழந்தைகளை எட்ட நிறுத்துங்கள்.

இனி வேலைக்கு வருவோம். இரண்டு பிரேக்குகளையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றை முடித்த பின்னரே மற்றதைத் தொடுங்கள். ஐயம் எழுந்தால் கழற்றாதது வழிகாட்டும். எந்தப் பிடி எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது என்பதையும், ஒயர் செல்லும் வழியையும் முன்னரே தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

அட்ஜஸ்டரை முழுவதும் உள்ளே திருகிப் பின் இரண்டு சுற்று வெளியே எடுங்கள். பிரேக்கிலுள்ள நட்டைத் தளர்த்தி ஒயரை விடுவியுங்கள். அட்ஜஸ்டரிலும் பிடியிலும் உள்ள பிளவுகளை நேர்க்கோட்டில் நிறுத்தினால் ஒயரின் தலை எளிதில் வெளிவரும். புதிய உறையைப் பழையதன் அளவுக்கு வெட்டுங்கள். வெட்டும்போது பழைய ஒயர்த் துண்டு ஒன்றை உள்ளே செருகி வைத்தால் உறை நசுங்காது. வெட்டிய முனையை அரத்தால் சமமாக்கி, ஆணி நுனியால் துவாரத்தை விரித்து, முனைத் தொப்பியை மாட்டுங்கள். முனை கோணலாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உறை அசையும்.

உள் ஒயரில் கிரீஸை மெல்லத் தடவி உறையினுள் செலுத்துங்கள். தலை பிடியின் குழியில் முழுமையாக அமர்ந்ததா என்று கண்ணால் பாருங்கள். பிரேக் கட்டைகளை ரிம்மோடு சேர்த்து அழுத்தி, ஒயரைப் பிளேயரால் இழுத்துப் பிடித்து, நட்டை இறுக்குங்கள். இதற்கு மற்றொருவர் கைகொடுத்தால் நன்று. பின்னர் அட்ஜஸ்டரைத் திருகி, கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கச் செய்யுங்கள். கட்டை ரிம்மை மட்டுமே தொடவேண்டும். டயரைத் தொட்டால் நாளடைவில் அதனை அறுத்துவிடும். மீந்த ஒயரை இரண்டு விரற்கடை விட்டு வெட்டி, இழைகள் பிரியாதபடி முனையில் தொப்பி மாட்டுங்கள். வெட்டிய துண்டுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் இடுங்கள். வெறுங்காலில் தைக்கும், வைக்கோலோடு கலந்தால் மாட்டின் வயிற்றுக்குள்ளும் போகும்.

வேலை இத்துடன் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். சோதனையே வேலையின் முக்கியப் பகுதி. நட்டை ஒட்டி ஒயரின் மீது பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு உங்கள் முழு பலத்தோடு இருபது முறை பிடியை அழுத்துங்கள். புள்ளி நகர்ந்திருந்தால் ஒயர் நழுவுகிறது என்பது பொருள், மீண்டும் இறுக்குங்கள். எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்கவேண்டும். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்புங்கள். அப்போது பிரேக் தானே பிடித்தால் உறை குட்டையாக உள்ளது. அடுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து பிரேக் போடுங்கள். அதன்பின் சமதரையில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். முதல் சோதனையைப் பிள்ளையிடம் விடாதீர்கள். இறக்கத்தில் செய்யவே செய்யாதீர்கள்.

புதிய ஒயர் முதல் வாரத்தில் சற்றுத் தளர்வது இயல்பு. அப்போது அட்ஜஸ்டரைத் திருகலாம். ஆனால் திருகுமுன் பிடியின் அருகிலும் நட்டின் அருகிலும் ஒருமுறை உற்று நோக்குங்கள். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படக்கூடாது. மழையில் ரிம் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது. ஆகவே நிற்கவேண்டிய இடத்துக்கு வெகுமுன்னரே மெல்லப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் இரு பிரேக்குகளையும் சேர்த்து, படிப்படியாகப் பிடிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் வண்டி குப்புறக் கவிழக்கூடும்.

பிடி வளைந்திருந்தாலும், ரிம் வெடித்திருந்தாலும், எண்ணெயால் இயங்கும் டிஸ்க் பிரேக்காக இருந்தாலும் மெக்கானிக்கிடம் கொண்டுசெல்லுங்கள். கைவேலை அறிந்தவனுக்குத் தன் கையின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே மலைமீது கிசால்லோ அன்னையின் சிற்றாலயம் உள்ளது. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1949இல் அவ்வன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். பந்தய வீரர்கள் காணிக்கையாக அளித்த மிதிவண்டிகள் அவ்வாலயத்தின் சுவர்களில் இன்றும் உள்ளன. அதே பாப்பரசர்தான் 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். பாதுகாவலை அன்னையிடம் வேண்டுவோம். கருவியைச் சூசையப்பரைப் போல் கையில் எடுப்போம். செபம் கைவேலைக்குப் பதிலன்று. கைவேலை செபத்துக்குப் பதிலுமன்று.

ஐந்தாம் கட்டளை கொலையை விலக்குவதோடு நிற்பதில்லை. நம் உயிரையும் பிறர் உயிரையும் பேணும் கடமையையும் அது நமக்கு அளிக்கிறது என்று திருச்சபை கற்பிக்கின்றது. அன்று ஞாயிறு பிற்பகல் என் மகன் ஒகேனக்கல்லுக்குப் போகவில்லை. முகம் வாடியபடியே என்னருகில் அமர்ந்து, ஒயர் மாற்றும்போது பிளேயரைப் பிடித்துக்கொண்டான். அறுந்த இழைகளை அவனே எண்ணினான்; ஏழு! இப்போதெல்லாம் வண்டியை எடுக்குமுன் குனிந்து பார்ப்பது அவன் வழக்கமாகிவிட்டது.

வரும் ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் பிள்ளையை அழைத்து வண்டியருகே ஐந்து நிமிடம் குனியுங்கள். இறைவன் உங்கள் இல்லத்துப் பயணங்கள் அனைத்தையும் காப்பாராக!