கால் தடுமாறினால் காத்திருக்காதீர்!

ஒத்தக்கடை சகோதரர்களே! நேற்றுவரை கடை ஷட்டரை ஒரே இழுப்பில் தூக்கிய இளைஞர் இன்று படியேற முடியாமல் தடுமாறுகிறார். 'வாயுப் பிடிப்பு' என்று எண்ணெய் தேய்த்து இரண்டு நாளைக் கடத்துவீர்கள். அங்கேதான் தவறு!

2025 தொடக்கத்தில் புனே பகுதியில் 200க்கும் மேற்பட்டோரை வீழ்த்தியது குய்லான் பாரே நோய். சிலர் இறந்தே போயினர். அசுத்தத் தண்ணீர்மீதுதான் சந்தேகம் விழுந்தது. கேம்பைலோபாக்டர் என்ற கிருமி வயிற்றுப்போக்கைத் தரும். அதை விரட்டக் கிளம்பும் உடலின் காவல்படை, ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளையே தாக்கிவிடும். பாதத்தில் தொடங்கும் பலவீனம் மேலேறி மூச்சுத் தசையை எட்டினால் வென்டிலேட்டர்தான்.

சிகிச்சை உண்டு. இம்யூனோகுளோபுலின் மருந்தை 5 நாள் நரம்பில் ஏற்றுவார்கள், அல்லது பிளாஸ்மாவை மாற்றுவார்கள். இரண்டு வாரத்திற்குள் தொடங்க வேண்டும். (ஸ்டீராய்டு மாத்திரை இதற்கு உதவாது, மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்!) செலவு லட்சங்களில் போகும். எனவே நகையை அடகு வைக்குமுன் 108ஐ அழைத்து, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

டீக்கடை, ஓட்டல் நடத்துவோரே! தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது? கோழி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் நறுக்குகிறீர்களா?

பெரும்பாலோர் ஆறு மாதத்தில் எழுந்து நடக்கிறார்கள். அதுவரை அந்த இளைஞரின் கடையைத் திறந்து வைக்கப்போவது யார், பக்கத்துக் கடைக்காரரே?