வெள்ளைக்காரன் எழுதி வைத்த 'வழக்கம்'

ராஞ்சிக்குப் பொட்டி தட்ட வந்து ஆறு வருஷமாச்சு. போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை பார்க்கும் முண்டா பெண் ஒருவர், அப்பா போனதும் நிலம் பூராவும் சித்தப்பா மகன்களுக்குப் போன கதையைச் சொன்னார். அவருக்குக் கூடப் பிறந்த ஆண் யாரும் இல்லை. "அது அவங்க பழங்குடி வழக்கம், நாம தலையிடக் கூடாது" என்றார் எதிரே சப்பாத்தி பிய்த்துக்கொண்டிருந்த நண்பர்.

யாருடைய வழக்கம் சாமி?

முண்டாக்கள் தந்தைவழிச் சமூகம்தான், மறுக்கவில்லை. ஆனால் விதவைக்கும் கல்யாணமாகாத மகளுக்கும் அந்த நிலத்திலிருந்து சோறு உண்டு என்பதும் அதே வழக்கம்தான். 1908ல் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் எழுதிய வெள்ளைக்காரர்கள், காடு திருத்திக் குடியேறியவர்களின் குந்த்கட்டி உரிமையை 7, 8ஆம் பிரிவுகளில் 'ஆண்வழி வாரிசு' என்று அச்சடித்து வைத்தார்கள். ஊர் கூடிப் பேசி மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்று, சட்டப் புத்தகத்தில் உறைந்துபோனது.

இத்தனைக்கும் அந்தச் சட்டமே பிர்சா முண்டாவின் உல்குலான் கிளர்ச்சிக்குப் பயந்து வந்ததுதான். 1900 ஜனவரியில் டோம்பாரி மலையில் சுட்டபோது செத்தவர்களில் பெண்களும் உண்டு. சுடும்போது ஆண்வழி பெண்வழி பார்க்கவில்லை. நிலத்தை எழுதும்போது மட்டும் பார்த்தார்கள்!

வெள்ளைக்காரன் போயும் கதை மாறவில்லை. 1956 இந்து வாரிசுச் சட்டம் பழங்குடிகளைத் தொடவில்லை. 1996ல் உச்ச நீதிமன்றம் அந்த இரண்டு பிரிவுகளை ரத்து செய்யவில்லை. பிழைப்புக்கு நிலத்தை நம்பியிருக்கும் பெண்ணை வெளியேற்றக் கூடாது என்றதோடு சரி. 2025 ஜூலையில்தான், சத்தீஸ்கர் கோண்டு குடும்பம் ஒன்றின் வழக்கில், பெண்ணுக்குப் பங்கு மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்றது.

"பொண்ணுக்குக் கொடுத்தா, கட்டிக்கிற வெளியாள் சுருட்டிடுவான்" என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் பழங்குடி நிலம் வெளியாருக்குக் கைமாற அதே சட்டத்தின் 46ஆம் பிரிவு தடை போடுகிறதே! ஏமாற்றுகிறவனைப் பிடியுங்கள். பெண்ணை ஏன் தண்டிக்கிறீர்கள்?

இந்த ஊரில் ஜனி ஷிகார் என்று ஒரு விழா. ரோஹ்தாஸ் கோட்டையை ஆண் வேடத்தில் காத்த ஒராவோன் பெண்களின் நினைவாக, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெண்கள் ஆண் உடையில் வேட்டைக்குக் கிளம்புவார்கள். எல்லோரும் பூரித்துப்போய்ப் படம் எடுப்பார்கள்.

கோட்டையைக் காத்தால் கலாச்சாரம். காணி நிலம் கேட்டால் வழக்கத்துக்கு விரோதமா?