முதல் 50 மணி நேரம்

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் புது டிராக்டர் எடுத்தால் முதல் ஓட்டம் பெரும்பாலும் பாண்டி கோவிலுக்கு. இல்லாவிட்டால் அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்புக்கு. மாலை, சந்தனம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அந்த ஓட்டத்தில் இன்ஜினுக்கு ஒரு சிரமமும் இல்லை. என் கவலை மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. டிரெய்லரை மாட்டி, செங்கலோ நெல் மூட்டையோ கொண்ட மட்டும் ஏற்றி, மேலூர் ரோட்டில் விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "தவணை கட்டணும்ல, வண்டி சும்மா நிக்கலாமா?" என்கிறார்கள். கடன் வாங்கியவர் வேறென்ன சொல்வார்!

வண்டி நிற்க வேண்டியதில்லை, பாரம் குறைந்தால் போதும். சிலிண்டர் சுவரில் தொழிற்சாலையிலேயே மெல்லிய குறுக்குக் கீறல்கள் போட்டிருப்பார்கள். பிஸ்டன் ரிங் அதன்மேல் தேய்ந்து தேய்ந்துதான் சுவரோடு படிய வேண்டும். மிதமான பாரம் இழுத்தால் அது நன்றாகப் படியும். முழு லோடோடு ஏற்றத்தில் திணறவிட்டால் சூடேறி, ரிங்கும் சுவரும் உரசிக் காயப்படும். சிலர் இதற்குப் பயந்து, வேலையே கொடுக்காமல் வாசலில் நிறுத்தி ஐடிலில் ஓடவிடுகிறார்கள். அப்போதும் ரிங் படியாது. சுவர் வழவழத்துப்போய், பின்னாளில் வண்டி ஆயில் குடிக்கும். பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறவர்கள்தான் இந்தத் தவறைச் செய்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பிரேக்கும் புதிது, இன்னும் படிந்திருக்காது. இங்கே ஓடும் டிரெய்லர்கள் பலவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. பின்னால் இருக்கும் டன் கணக்கான பாரத்தையும் டிராக்டரே பிடித்து நிறுத்த வேண்டும். கால்வாய்ப் பாலத்திலிருந்து இறங்கும்போது லோடு பின்னாலிருந்து தள்ளும். வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறும்போது முன்சக்கரம் தூக்கும். இது இன்ஜின் சமாச்சாரம் இல்லை, ஓட்டுகிறவரின் உயிர்.

முதல் 800 அல்லது 1,000 கிலோமீட்டர் வரை டிரெய்லர் இழுக்கவே கூடாது என்று பல கார்க் கையேடுகள் சொல்கின்றன. டிராக்டர் பிறந்ததே இழுப்பதற்குத்தான், அதற்கு அப்படித் தடை போட முடியாது. முதல் சர்வீஸ் வரை பாரத்தைக் குறைப்பதுதான் வழி. ஹவர் மீட்டரில் பொதுவாக 50 மணி நேரம் ஓடியதும் முதல் சர்வீஸ் வைத்திருக்கிறார்கள். புதுப் பாகங்கள் தேய்ந்து உதிர்ந்த இரும்புத்தூள் ஆயிலில் கலந்திருக்கும். அந்த ஆயிலையும் ஃபில்டரையும் அப்போதே மாற்றியாக வேண்டும்.

இதெல்லாம் டிராக்டர் கையேட்டில் இருக்கிறது. ஆனால் ஷோரூமில் சாவி வாங்குபவர் ஒருவர், மறுநாள் லோடு அடிப்பவர் வேறொருவர். கையேடு முதலாளி வீட்டு பீரோவுக்குள் போய்விடுகிறது. டிரைவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒத்தக்கடையில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. யானைமலை அடிவாரத்து ஊர்களின் டிரைவர்களை அழைத்து அரைநாள் வகுப்பு நடத்த அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. விற்பவர்களும் டெலிவரி அன்று டிரைவரையும் வரச்சொல்லி, பாதி லோடு, புது வண்டியில் தளரக்கூடிய சக்கர நட்டை முறுக்கிப் பார்ப்பது, 50 மணி நேர ஆயில் மாற்றம் ஆகிய மூன்றையும் தமிழில் அச்சடித்து மட்கார்டில் ஒட்டிக் கொடுக்கட்டும்.