கட்டிலருகே ஒரு நாற்காலி



மும்பையில் எங்கள் சபைத் தாயார் ஒருவர் புற்றுநோயினால் படுக்கையிலிருந்தபோது, ஐந்தாறு பேராக ஜெபிக்கச் சென்றோம். ஜெபம் முடிந்ததும் அவர்கள் என் கையைப் பிடித்து, "ஐயா, நான் போன பிறகு..." என்று தொடங்கினார்கள். "அவிசுவாசமாகப் பேசாதிருங்கள் அம்மா, கர்த்தர் சுகந்தருவார்" என்று தடுத்துவிட்டேன். அவர்கள் முகத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பிக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஊரிலிருந்த தமக்கையோடு பல வருடங்களாகப் பேச்சில்லை என்பதும், அவரை ஒப்புரவாக்கிவிட வேண்டியே அன்று வாய் திறந்தார்கள் என்பதும் அடக்க ஆராதனைக்குப் பின்பே எனக்குத் தெரியவந்தது. அந்தத் தமக்கை கல்லறையண்டையில் நின்ற நிலையை என்னால் மறக்கக்கூடவில்லை.

சுகமளிக்கும் தேவனை இன்றும் விசுவாசிக்கிறேன். ஆயினும் எலிசாவை எண்ணிப் பாருங்கள். சூனேமியாளின் மகனை உயிரோடெழுப்பியவர், நாகமானின் குஷ்டம் நீங்க வழி சொன்னவர், தாமே வியாதிப்பட்டு அதிலேயே மரித்தார் (2 இராஜாக்கள் 13). வேதம் அவர் விசுவாசத்தைக் குறைகூறவில்லை. யோவாஸ் ராஜா அவர்மேல் அழுதபோது அவர் அதட்டவுமில்லை. படுக்கையிலிருந்தபடியே அம்பு எய்யும்படி ராஜாவுக்குக் கட்டளை கொடுத்தார். மரிக்கிறவருக்கும் செய்து முடிக்கவேண்டிய காரியம் உண்டு. நம் ஆண்டவரும் சிலுவையில் தம் தாயை யோவானிடம் ஒப்புவித்தாரல்லவா?

1948-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் கிறிஸ்தவ அம்மையார், புற்றுநோயால் மரித்துக்கொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்னும் போலந்து யூதர் அருகே அமர்ந்து பேசிவந்தார். நம்மில் பலரைப்போல அவரும் பிழைக்கவந்த நகரத்தில் தனித்தவர். அம்மையார் கட்டப்போகும் இல்லத்தில் ஒரு ஜன்னலாயிருக்கும்படி 500 பவுன் விட்டுச்சென்றார். அம்மையார் பின்பு மருத்துவம் பயின்று, 1967-இல் மரிப்போருக்கான இல்லத்தைத் திறந்தார். வலி திரும்பும்வரை காத்திராமல், நேரந்தவறாது மார்பின் கொடுப்பது அவர் முறை. (வலிக்கு மருந்து கேட்பதை அவிசுவாசம் என்போர் நம்மிடையே உண்டு. வலி அடங்கினாலன்றோ நோயாளியால் ஜெபிக்கவோ பேசவோ கூடும்!) மும்பை பாந்திராவிலும் 1986-இல் இத்தகைய இல்லமாகிய சாந்தி அவேதனா தொடங்கப்பட்டது.

இப்பொழுதெல்லாம் நோயாளியைச் சந்திக்கையில், வேதத்தைத் திறக்குமுன் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு, "யாரையாவது பார்க்க விரும்புகிறீர்களா?" என்று கேட்கிறேன். சென்ற மாதம் ஒரு பெரியவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்பு கோவில்பட்டியிலுள்ள தம்பியின் தொலைபேசி எண்ணைத் தலையணைக்கடியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.