ஈரத்துணி வைத்தியம்

அக்னி நட்சத்திரம் வந்துட்டா போதும், ஊர்ல மிச்சமிருக்கற பத்மினி, அம்பாசடர் எல்லாம் டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து கடைசியில ஓரங்கட்டி நிக்கும். பானெட் திறந்திருக்கும். பெட்ரோல் பம்பு மேல நனைச்ச துணி. பத்து நிமிஷத்துல வண்டி கிளம்பிடும். உடனே "பாத்தீங்களா கைவைத்தியத்தை!"னு ஒரு பெருமை வேற.

துணி மேல எனக்குக் கோபம் இல்லைங்க. நடுவழியில நின்னா நானும் அதைத்தான் செய்வேன். ஆனா அதையே மருந்துன்னு நம்பி வருஷாவருஷம் காலம் தள்ளறதும், அது பலிக்காதப்ப கார்பரேட்டரைக் கழட்டி மாட்டிக் காசைக் கரைக்கறதும்தான் எனக்கு ஆகலை.

இதுல இருக்கறது ரெண்டு வியாதி. வெளியே தெரியறது என்னவோ ஒண்ணுதான்: சூடான வண்டி ஸ்டார்ட் ஆகாது.

முதலாவது, பெட்ரோல் வராம நிக்கறது. இஞ்சின்ல உட்கார்ந்திருக்கற பம்பு, பின்னாடி டேங்க்ல இருந்து பெட்ரோலை உறிஞ்சுது. உறிஞ்சற குழாயில அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைஞ்சா சீக்கிரமே கொதிக்கும். அப்புறம் பம்பு வெறும் ஆவியைத்தான் அமுக்கிட்டிருக்கும். இதுக்குத் துணி கேட்கும்.

இன்னொண்ணு நேர் எதிர். வண்டியை நிறுத்திட்டு டீ குடிக்கப் போறோம். ஃபேனும் நின்னாச்சு, ரேடியேட்டர் தண்ணி ஓட்டமும் நின்னாச்சு. இஞ்சின் சூடு மேலே ஏறி, கார்பரேட்டர் கிண்ணத்துல இருக்கற பெட்ரோல் கொதிச்சு வழிஞ்சு உள்ளே இறங்கிடும். பெட்ரோல் ஜாஸ்தி! ஏர் ஃபில்டரைத் திறந்தா குப்புனு வாசனை அடிக்கும் (பீடியை அணைச்சிட்டுத் திறங்க). இதுக்குப் பம்பு மேல துணி போட்டு என்ன புண்ணியம்? ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு, விட்டு விட்டு மிதிக்காம அப்படியே பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கணும். சோக் பக்கமே போகக்கூடாது.

நிரந்தரமா தீரணும்னா சூட்டைத் தடுக்கறதுதான் வழி. 1489 சிசி அம்பாசடர்ல கார்பரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், கிட்டத்தட்ட மேலும் கீழுமா இருக்கும். நடுவுல தகரத் தடுப்பு இருக்கா, கார்பரேட்டர் அடியில சூடு கடத்தாத பேக்கலைட் கட்டை இருக்கான்னு முதல்ல பாருங்க. எவரோ கழட்டினதைத் திரும்ப மாட்டாமலே விட்டிருப்பாங்க. பெட்ரோல் குழாயையும் எக்ஸாஸ்ட்டை விட்டுத் தள்ளிக் கட்டுங்க.

எலக்ட்ரிக் பம்பு போட்டா சரியாயிடும்னு ஒரு கோஷ்டி சொல்லும். பாதி உண்மை. டேங்க் பக்கத்துல வெச்சா அது உறிஞ்சாம தள்ளும், குழாயில ஆவி அடைக்கறது குறையும். ஆனா கிண்ணத்துல கொதிக்கறதை அது ஒண்ணும் செய்யாது. அதைவிட, இன்ஜெக்‌ஷன் கார்ல கழட்டின பம்பை மலிவா கிடைக்குதேன்னு மாட்டறாங்க பாருங்க, அது வம்பு. அது 40 பிஎஸ்ஐ வரைக்கும் தள்ளும். கார்பரேட்டருக்கு மூணு நாலு போதும். மிதவை ஊசி தாங்காம பெட்ரோல் வழிஞ்சு கொதிக்கற எக்ஸாஸ்ட் மேல விழும். பழைய பம்பு இஞ்சினோட சேர்ந்து நின்னுடும். எலக்ட்ரிக் பம்பு அப்படி நிக்காது, தனியா கட்-ஆஃப் வெக்கணும்.

2025ல இருந்து நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலந்தா ஆவியாகற குணம் கூடும், அந்தக் காலத்து ரப்பர் குழாயையும் அரிச்சுடும். துணியை நனைக்கறதுக்கு முன்னாடி அந்தக் குழாயை ஒரு தடவை வளைச்சுப் பாருங்க. விரிசல் தெரிஞ்சா அன்னிக்கே எத்தனால் தாங்கற குழாயா மாத்திடுங்க, கிளிப்பையும் சேர்த்து.