அறை வெப்பநிலையில் மீக்கடத்தி சாத்தியமா? விடை தேடும் மிகக்குளிர் அணுக்கள்

2023ஆம் ஆண்டு ஜூலையில் தென்கொரியாவிலிருந்து ஒரு காணொளி உலகைச் சுற்றி வந்தது. உங்கள் கைத்தொலைபேசிக்கும் வந்திருக்கலாம்.

காந்தத்தின்மேல் பாதி மிதந்தபடி நிற்கும் சிறிய கறுப்புத் துண்டு. பெயர் எல்கே-99. சாதாரண அறை வெப்பநிலையிலேயே மின்சாரத்தைத் துளியும் இழக்காமல் கடத்தும் பொருள் அது என்று உருவாக்கியவர்கள் கூறினார்கள்.

பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அதைச் செய்து பார்த்தன. சில வாரங்களில் பரபரப்பு அடங்கியது. கூறியது நிரூபணமாகவில்லை.

அதே மாதம் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்திலிருந்து இன்னொரு தகவல். மிகக்குளிர் வாயுவில் பொட்டாசியம் அணுக்கள் ஜோடி சேர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் நேரடியாகப் படம் பிடித்திருந்தார்கள். அதை யாரும் உங்களுக்கு 'ஃபார்வர்ட்' செய்திருக்க மாட்டார்கள்.

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது செய்தியைத்தான். ஏன்?

மீக்கடத்தி நமக்கு எதுக்கு?

மருத்துவமனையில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்திருப்பீர்கள். அந்த இயந்திரத்தின் காந்தச் சுருள் பொதுவாக மீக்கடத்திக் கம்பியால் ஆனது. அது வேலை செய்ய, திரவ ஹீலியத்தால் சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்க வேண்டும். ஹீலியம் விலை உயர்ந்தது.

குளிர்விக்கத் தேவையே இல்லாத மீக்கடத்தி கிடைத்தால்? ஸ்கேன் இயந்திரங்கள் எளிமையாகும். மின்கம்பிகளில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் மிச்சமாகும்.

ஜோடி சேர்ந்தால் குணம் மாறும்

உணவங்காடி நிலையத்தில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிப்போம் அல்லவா? ஒரு நாற்காலி, ஒரு ஆள். எலக்ட்ரான்களும் அப்படித்தான். ஒரே நிலையில் இரண்டு இருக்க முடியாது. இத்தகைய துகள்களுக்கு ஃபெர்மியான் என்று பெயர்.

இன்னொரு வகை போசான். இந்திய இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸின் பெயரால் வந்தது. இவற்றுக்கு இடத்தகராறே கிடையாது. போதுமான அளவு குளிர்ந்தால் கூட்டம் கூட்டமாக ஒரே நிலைக்கு வந்துவிடும். அதுதான் 'கண்டன்சேட்'.

இரண்டு ஃபெர்மியான்கள் ஜோடி சேர்ந்தால், அந்த ஜோடி போசான்போல் நடந்துகொள்ளும். எல்லா ஜோடிகளும் ஒரே தாளத்தில் நகரும். தடை இருக்காது. உலோகத்தில் எலக்ட்ரான்கள் இப்படி இணைவதாலேயே மீக்கடத்தல் நிகழ்கிறது என்று 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினார்கள். 1972இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இந்த ஜோடி ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. தேக்கா சந்தைக் கூட்டத்தில் கணவனும் மனைவியும் தள்ளித் தள்ளி நடந்தாலும் ஒருவர் மீது மற்றவருக்குக் கண் இருக்குமே, அது மாதிரி.

சரி, வாயு எதற்கு?

உலோகத்துக்குள் ஜோடிகளின் இழுப்பை நம் விருப்பப்படி கூட்டிக் குறைப்பது கடினம். வாயுவில் முடியும். காந்தப்புலத்தை மாற்றினால் போதும், வானொலியில் ஒலியைத் திருகுவதுபோல் அணுக்களுக்கு இடையிலான இழுப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். பொட்டாசியம்-40, லித்தியம்-6 ஆகிய அணுக்களும் ஃபெர்மியான்களே. எனவே அவை எலக்ட்ரான்களுக்குப் பதிலாக 'நடிக்கின்றன'.

சிக்கல் குளிர்விப்பதில்தான். சூடான காப்பியில் ஆவி பறக்கப் பறக்க மீதி ஆறும். அணுக்களையும் அப்படியே குளிர்விக்கலாம், ஆனால் அவை ஒன்றோடொன்று மோத வேண்டும். ஒரே நிலையிலுள்ள ஃபெர்மியான்கள் கடும் குளிரில் மோதுவதே இல்லை. 1999இல் அமெரிக்க ஆய்வாளர் டெபோரா ஜின், தம் மாணவர் பிரயன் டிமார்க்கோவுடன் சேர்ந்து இரு வேறு நிலைகளில் உள்ள பொட்டாசியம் அணுக்களைக் கலந்து அதைச் சமாளித்தார்.

2004இல் ஜின்னின் குழு ஃபெர்மியான் ஜோடிகளின் கண்டன்சேட்டை உருவாக்கியதாக அறிவித்தது. அந்த வாயு ஆகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 273.15 டிகிரிக்கு மேலே, ஒரு டிகிரியில் சுமார் 20 மில்லியனில் ஒரு பங்கு மட்டுமே இருந்தது. மறு ஆண்டு எம்ஐடி குழு லித்தியம் வாயுவைச் சுழற்றியபோது சிறு சுழல்கள் வரிசை வரிசையாகத் தோன்றின. தடையில்லா ஓட்டத்துக்கு அது தெளிவான ஆதாரம்.

ஜின் 2016இல், 47 வயதில் புற்றுநோயால் காலமானார்.

இவ்வளவு குளிரிலிருந்து என்ன தெரிகிறது?

இங்கேதான் ஆச்சரியம். வாயுவில் அணுக்கள் மிகவும் நெருக்கமின்றி இருப்பதால்தான் அவ்வளவு குளிர் தேவை. இழுப்பு வலுவாக இருக்கும் அந்த வாயுவில் நடப்பதை எலக்ட்ரான்களின் நெருக்கத்துக்கு ஏற்பக் கணக்கிட்டால், அறை வெப்பநிலையைத் தாண்டி ஆயிரக்கணக்கான டிகிரி வருகிறது.

அதாவது, அறை வெப்பநிலை மீக்கடத்தியை இயற்கை விதி தடுக்கவில்லை. அவ்வளவு வலுவாக எலக்ட்ரான்களை இணைக்கும் பொருள்தான் கிடைக்கவில்லை. வாயு அந்தப் பொருளைத் தராது. எதைத் தேட வேண்டும் என்பதைக் காட்டும், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில்?

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய குவாண்டம் தொழில்நுட்ப நிலையத்தில் லித்தியம்-6, பொட்டாசியம்-40 அணுக்களை இணைத்து மிகக்குளிர் மூலக்கூறுகளை ஆராய்கிறார்கள். 2024இல் அரசாங்கம் தேசியக் குவாண்டம் உத்தியை அறிவித்தது. 5 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 300 மில்லியன் வெள்ளி.

அடுத்த 'எல்கே-99' வரும்போது...

நிச்சயம் வரும். பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

மின்தடை உண்மையிலேயே பூஜ்யமா, குறைந்திருக்கிறதா?

காந்தப்புலத்தை அது முழுமையாக வெளியே தள்ளுகிறதா, அரைகுறையாக மிதக்கிறதா?

வேறு ஆய்வுக்கூடத்தில் யாராவது அதையே செய்து காட்டினார்களா?

மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் தாராளமாகப் பகிருங்கள்... அது நூற்றாண்டின் செய்தியாக இருக்கும்.